அரசு அலுவலகத்தில் திறந்த வடிவம்: எங்கே சிக்கும், எப்படி அவிழ்ப்பது (அனுபவப் பகிர்வு)

அலுவலகத்தைக் கட்டற்ற மென்பொருளுக்கு (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருள்) கொண்டுவர நினைப்பவர்கள் எடுத்தவுடன் லினக்ஸ் சிடியோடு போகவேண்டாம். விண்டோஸ் இருக்கட்டும். அதிலேயே லிப்ரேஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளை நிறுவி, புதிய கோப்புகள் ஓடிடி (ஆவணம்), ஓடிஎஸ் (அட்டவணை) வடிவில் சேமிக்கப்படும்படி அமையுங்கள். இவை திறந்த வடிவங்கள், அதாவது உள்ளமைப்பு எல்லோருக்கும் வெளியிடப்பட்டவை. முதலில் கோப்பு, பிறகு மென்பொருள், கடைசியில்தான் இயங்குதளம்.

தமிழ்நாட்டில் பெரிய பூட்டு வேர்டு கூட இல்லை, பழைய எழுத்துருக்கள்தான். கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் முறைகளில் யூனிகோடைத் தரமாகவும் டேஸ்16-ஐ மாற்றாகவும் ஏற்று 2010 ஜூனிலேயே அரசாணை வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய வானவில், பாமினி எழுத்துருக் கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவே முடியாது, தேடலிலும் எதுவும் அகப்படாது.

இவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் போதும். டாப், டாம், பாமினி, வானவில் முதலிய பழைய முறைகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே உள்ளே கொடுத்தால், இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களும் கணக்கு எண்களும் சேர்ந்து சிதையும். அதனால் முதலில் டாக் கோப்பை (வேர்டின் பழைய வடிவம்) ஓடிடி ஆக்குங்கள். ஓடிடி என்பது ஒரு ஜிப் பொதிதான். திறந்தால் உள்ளே கன்டென்ட் எக்ஸ்எம்எல் என்ற உரைக்கோப்பு இருக்கும். ஒவ்வொரு சொல்துண்டும் ஒரு பாணியைச் சுட்டும், அந்தப் பாணியின் வரையறையில் எழுத்துருப் பெயர் இருக்கும். வானவில் பெயர் உள்ள துண்டுகளை மட்டும் மாற்றினால் ஆங்கிலம் தப்பும். வடிவம் திறந்திருப்பதால்தான் இந்த வேலையே சாத்தியம்.

*

மேலே உள்ளதோடு சேர்த்துக்கொள்ள: மாற்றி முடித்ததும் மூன்று இடங்களைச் சோதியுங்கள்.

‘ொ’ ஒரே குறியீடாகவும் வரும், ‘ெ’ ‘ா’ என இரண்டாகவும் வரும். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடும்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோடு சீராக்கம்) சீராக்கிவிடுங்கள். அடுத்தது ‘கௌரி’, ‘கெளரி’. இரண்டாவதில் இருப்பது ‘ள’ என்ற தனி எழுத்து. சீராக்கம் இதைச் சரிசெய்யாது. பெயர்ப் பட்டியல்களில் இதைக் கண்ணால் பார்த்தே திருத்தவேண்டும். மூன்றாவது, ‘எ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘௭’ என்ற தமிழ் எண்.

பக்க அமைப்பு குலைகிறது என்ற புகார் கட்டாயம் வரும். பெரும்பாலும் காரணம் எழுத்துரு இல்லாததுதான். டைம்ஸ் நியூ ரோமன், ஏரியலுக்கு லிபரேஷன் எழுத்துருக்களும், கேலிப்ரிக்கு கார்லிட்டோவும், கேம்ப்ரியாவுக்கு கேலடியாவும் அதே எழுத்து அகலம் கொண்டவை. இவற்றை நிறுவினால் வரிகள் பழைய இடத்திலேயே முறியும். லிப்ரேஆபிஸில் பாணியைத் திருத்தும்போது இன்னொன்று சிக்கும்: தமிழுக்கான எழுத்துரு, அளவு இரண்டும் ஆங்கிலத்துக்கானவற்றிலிருந்து தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு “தமிழ் பெரிதாகவில்லையே” என்பார்கள்.

தட்டச்சரிடம் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைத் திணிக்காதீர்கள். தட்டச்சுத் தேர்வு எழுதி வந்தவர் விரலில் பழைய தட்டச்சுப் பொறி அமைப்பு ஊறியிருக்கும். லினக்ஸில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு உள்ளீட்டுப் பொதியில் அந்த அமைப்பும் இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அன்றே அடங்கும்.

*

கொள்முதல் பக்கத்தில் நிற்பவர்களுக்கு: டெண்டரில் “எம்எஸ் ஆபிஸ்” என்ற இரண்டு சொற்கள் போதும், கதவு மூடிவிடும். அதற்குப் பதில் “ஐஎஸ்ஓ/ஐஇசி 26300 வடிவக் கோப்புகளைத் திறந்து, திருத்தி, சேமிக்கும் அலுவலக மென்பொருள்” என்று எழுதச் சொல்லுங்கள். அந்த எண் ஓடிடி, ஓடிஎஸ் அடங்கிய ஓடிஎஃப் தரத்துடையது. எம்எஸ் ஆபிஸும் ஓடிஎஃப் படிக்கும் என்பதால் யாரையோ வேண்டுமென்றே ஒதுக்கியதாகப் புகார் எழாது. பிடிமானத்துக்கு இரண்டு ஆவணங்கள் உண்டு. மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை 2010 நவம்பரில் வந்தது. காப்புரிமைத் தொகை இல்லாத தரம், இந்திய ஆட்சிமொழிகளுக்கு இடம் தரும் தரம் என்று அது கேட்கிறது. 2015-இன் திறமூல (மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருள்) கொள்கைப்படி, திறமூலத்தை விலக்கும் வழங்குநர் அதற்குக் காரணம் எழுதித் தரவேண்டும். இது மத்திய அரசு அமைப்புகளுக்கானது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம். மாநில அலுவலகத்தில் இதைக் கட்டாயம் என்று வாதிட்டால் வாதம் அங்கேயே உடையும். முன்மாதிரியாக மட்டும் காட்டுங்கள்.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவிலும் இந்தக் கவனம் வேண்டும். “தகவல் தருக” என்று மட்டும் எழுதினால் அட்டவணையை அச்சடித்து, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடுவார்கள். கூட்டிப் பார்க்கக்கூட முடியாது. “பிரிவு 7(9)-இன்படி ஓடிஎஸ் அல்லது சிஎஸ்வி கோப்பாக, மின்னஞ்சலில்” என்று கேளுங்கள். கேட்ட வடிவிலேயே பொதுவாகத் தரவேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவு. அலுவலகத்தின் வளங்களை அளவுமீறித் திசைதிருப்பும் என்றால் அந்த வடிவில் தர மறுக்கலாம். கணினியில் ஏற்கெனவே அட்டவணையாக இருப்பதற்கு அந்தச் சாக்கு செல்லாது. மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

*

இயங்குதளத்தை மாற்றும் கட்டம் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (கையொப்பச் சாவி இருக்கும் யூஎஸ்பி கருவி). இபாஸ்2003 வகை டோக்கனை லினக்ஸில் ஓபன்எஸ்சி என்ற கட்டற்ற மென்பொருள் கண்டுகொள்ளும், டோக்கன் சிக்கல் இல்லை. சிக்கல் கையொப்பம் கேட்கும் அரசு வலைவாசலில்: கையொப்பமிடும் துணை மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். பில் போடும் கணினி, கையொப்பமிடும் கணினி எவை என்று பட்டியலிட்டு அவற்றை அப்படியே விடுங்கள். கடிதமும் பதிவேடும் மட்டும் எழுதும் கணினிகளை முதலில் மாற்றுங்கள். துணை மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கேட்டு, வலைவாசலின் பெயர், டோக்கன் மாதிரி, வரும் பிழைச்செய்தி மூன்றையும் குறிப்பிட்டு அலுவலகத் தலைவர் கையெழுத்தில் துறைக்குக் கடிதம் போகட்டும். தனிநபர் மின்னஞ்சலை விட அதற்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.