மழையில் வெள்ளைச்சோளம் கறுத்தது, செஞ்சோளம் தப்பியது. எப்படி?

கரிசல்காட்டான்:
கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி. புரட்டாசியில் வெள்ளைச்சோளம் விதைத்தேன், வரப்போரம் நாலு வரி செஞ்சோளம். மார்கழியில் கதிர் முற்றும் நேரம் பார்த்து 5 நாள் விடாத தூறல். வெள்ளைக் கதிரெல்லாம் கரும்பூசணம், சில மணிகளில் ரோஸ் நிறப் பொடி. செஞ்சோளத்தில் ஒன்றிரண்டு கதிர்தான் போனது. இரண்டுக்கும் மருந்து அடிக்கவில்லை. செஞ்சோள இலையில் ஊசிமுனை அளவு செம்புள்ளிகள் உண்டு. அதுவும் நோய்தானா?

பயிர்நோய் மாணவி:
அண்ணா, இலைப்புள்ளியை முதலில் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. பூசண வித்து இலையில் ஒட்டித் துளைக்கப் பார்க்கும்போது, அந்த இடத்துச் செல்லுக்குள் நிறமில்லாத சின்ன உருண்டைகள் திரளும். அவை துளை விழும் பக்கமாக நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஆரஞ்சாகிச் சிவக்கும். கடைசியில் உடைந்து சாயத்தைக் கொட்டும். அதில் பூசணமும் சாகும், அந்தச் செல்லும் சாகும். அபிஜெனினிடின், லூட்டியோலினிடின் என்பவை அந்தச் சாயங்கள். நுண்ணோக்கியில் முதல்முறை பார்த்தபோது கண்ணை எடுக்க மனமே வரவில்லை. செடிக்கு ரத்தத்தில் ஓடிவரும் காவல் அணுக்கள் கிடையாது, அடிபட்ட செல்லேதான் தன்னைக் கொடுத்துத் தடுக்கிறது.

புள்ளி பெரிதாகாமல் நின்றுவிட்டால் பயமில்லை. பரவி, நடுவில் கறுத்த பொட்டு வைத்தால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோய்.

கதிர் தப்பியது வேறு கதை. சில சோளத்தில் மணியின் மேல்தோலுக்கு அடியில் டானின் என்ற துவர்ப்புப் பொருளின் அடுக்கு இருக்கும், பூசணத்தை அது எளிதில் உள்ளே விடாது. ஆனால் தோல் சிவப்பு என்பதற்காக டானின் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு மணியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

பழையவிதை:
மென்றாலே தெரியும், துவர்க்கும். எங்கள் காட்டில் குருவிகூட அதைக் கடைசியில்தான் தொடும். டானின் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சீக்கிரம் செரிக்காது, கோழித்தீவனத்துக்கு விற்பதாக இருந்தால் யோசியுங்கள். அப்புறம் தம்பி, அந்த ரோஸ் பொடி ஃபியூசேரியம் என்ற பூசணமாக இருக்கலாம். அதன் நச்சு மணிக்குள் இறங்கும். மாட்டுக்குக்கூடப் போட்டுவிடாதீர்கள்.

கரிசல்காட்டான்:
சுரண்டினேன். சிவப்புத் தோலுக்குக் கீழே டீத்தூள் நிறத்தில் மெல்லிய படலம், அதற்கும் கீழேதான் மாவு. வெள்ளையில் தோல் போனதும் நேரே மாவு. மென்றதில் வாழைப்பூத் துவர்ப்பு. நல்ல கதிராக எட்டு அறுத்து, விதைக்கென்று தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.