பில்லை முழுசாகக் கட்டியும் சிபில் இறங்குகிறது: பழைய கார்டை மூடலாமா?

கணக்குப்பிள்ளை:
என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டு. 2016-ல் வாங்கியதன் லிமிட் 40,000. ஆண்டுக் கட்டணம் கிடையாது, இப்போது தொடுவதே இல்லை. இன்னொன்றின் லிமிட் 1,50,000. மாதாமாதம் 90,000 வரை பில் வருகிறது. கடைசித் தேதிக்கு முன்பே முழுத் தொகையும் கட்டிவிடுகிறேன். ஆனாலும் சிபில் ஸ்கோர் (கடன் தகவல் நிறுவனமான சிபில் நமக்குப் போடும் மதிப்பெண்) 781-லிருந்து 748-க்கு வந்துவிட்டது. நாலு மாதத்தில் வீட்டுக் கடன் போட வேண்டும். பழையதை மூடினால் சரியாகுமா?

மாடவீதி:
மூடாதீங்க சார், இன்னும் இறங்கும். லிமிட்டில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் ஸ்கோரைப் பாதிக்கும். இப்போது மொத்த லிமிட் 1,90,000. அதில் 90,000 என்பது 47 சதவீதம். பழைய கார்டு போய்விட்டால் அதே 90,000 அறுபது சதவீதமாகிவிடும், ஒரு பைசா கூடுதலாகச் செலவழிக்காமலே.

பில் போடும் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் நிற்கும் பாக்கிதான் பெரும்பாலும் சிபிலுக்குப் போகிறது. பில் போடுவதற்கு மூன்று நாள் முன்பே ஆப்பில் 60,000 கட்டிவிடுங்கள். பில் 30,000-க்குத்தான் வரும்: அந்தக் கார்டில் 20 சதவீதம், மொத்தத்தில் 16-க்கும் கீழே.

லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்வது விதி இல்லை. சிபில் தன் கணக்கு முறையை முழுசாக வெளியிடுவதில்லை.

சில்லறை:
பில் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. 2025 ஜனவரி முதல் மாதத்துக்கு இரண்டு தடவையாவது வங்கிகள் விவரம் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. சிபில் ரிப்போர்ட்டில் அந்தக் கார்டைத் திறந்து ‘டேட் ரிப்போர்ட்டட்’, ‘கரன்ட் பேலன்ஸ்’ இரண்டையும் பில்லோடு ஒப்பிடுங்கள். உங்கள் வங்கி எந்த நாள் பாக்கியை அனுப்புகிறது என்று பிடிபட்டுவிடும். முழு ரிப்போர்ட் வருடத்துக்கு ஒரு தடவை இலவசம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

எதையாவது இஎம்ஐ-ஆக மாற்றினீர்களா? பில்லில் அந்த மாதத் தவணை மட்டும்தான் தெரியும். மீதி அசல் முழுவதும் லிமிட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், ஒரு இஎம்ஐ ஓடுகிறது, 36,000 பாக்கி! பழைய கார்டு பீரோவிலேயே இருந்தால் போதுமா?

வரவுசெலவு:
போதாது. ஒரு வருடத்துக்கு மேல் தொடாத கார்டை, உங்களுக்குத் தகவல் சொல்லி 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மொபைல் ரீசார்ஜ் போட்டு, முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் வைத்துவிடுங்கள். ‘மினிமம் டியூ’வை (கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்: தாமதம் விழாது, ஆனால் வட்டி விழும், அடுத்து வாங்குவதற்கும் வட்டியில்லா நாள் கிடைக்காது.

199 ரூபாய் ரீசார்ஜைக் கட்ட மறந்தாலும் தாமதம்தான். கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் வங்கி தாமதம் என்று அனுப்பலாம். ஆனால் நாள் கணக்கு கடைசித் தேதியிலிருந்தே ஓடும்.

கடன் கைக்கு வந்தபின் மூடுவதானால் பாக்கியை நேர் செய்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். ‘கொஞ்சம் குறைத்துக் கட்டி முடித்துக்கொள்ளலாம்’ என்று போன் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு’ வராது, ‘செட்டில்டு’, அதாவது முழுசாகக் கட்டாமல் முடித்த கணக்கு என்று விழும். அடுத்த மாதம் ‘டேட் குளோஸ்டு’ ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.