வாடகை வீட்டு கீசர்: எலிமெண்ட் அடிக்கடி போவது ஏன்?

கேள்வி:
வாடகைக்கு விட்டிருக்கும் 3 வீடுகளிலும் 25 லிட்டர், 2 கிலோவாட் ஸ்டோரேஜ் கீசர். எல்லாம் உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர். ஒன்றில் ஒன்றரை வருடத்துக்குள் 2 எலிமெண்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) போய்விட்டது. இரண்டாவதில் சேஃப்டி வால்வு சொட்டுகிறது, அதை அடைத்துவிடச் சொல்கிறார் குடியிருப்பவர். மூன்றாவதில் சுவிட்ச் போட்டுப் பத்து நிமிடத்தில் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. வீட்டுக்காரர் வருடாவருடம் செய்ய வேண்டியது என்ன?

பதில் 1:
முதலில் அந்த வால்வு. தயவுசெய்து அடைக்காதீர்கள். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாகும்போது சுமார் 350 மில்லி கூடுதலாக விரியும். உள்ளே வரும் வழியில் திரும்பாத வால்வு இருப்பதால் அந்தத் தண்ணீர் பின்னால் போக முடியாது, சேஃப்டி வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அணையாமல் ஒட்டிக்கொண்டால் டாங்க் வெடிக்கலாம். வால்வில் ஒரு குழாய் மாட்டி கீழ்நோக்கித் திறந்தபடி விட்டுவிடுங்கள்.

கீசர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டினால் அது வேறு விஷயம். வால்வின் இருக்கையில் மணலோ உப்போ சிக்கியிருக்கும். தண்ணீர் ஆறியிருக்கும்போது நெம்புகோலை நாலைந்து முறை தூக்கி விடுங்கள், நிற்காவிட்டால் வால்வையே மாற்றுங்கள். மேல்நிலைத் தொட்டியின் அழுத்தத்தால் இப்படி ஆகாது. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான். வால்வு பெரும்பாலும் 8 பாரில்தான் திறக்கும்.

பதில் 2:
எலிமெண்ட் மட்டமான சரக்கு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அதன்மேல் படியும் சுண்ணாம்புப் படலம் சூட்டைத் தண்ணீருக்கு விடுவதில்லை. மேலுறை அளவுக்கு மீறிக் காய்ந்து மயிரிழையாக விரிசல் விடும், உள்ளே மின்சாரத்தைத் தடுக்கும் வெள்ளைத் தூளில் ஈரம் ஏறி மின்சாரம் கசியும். உங்கள் மூன்றாவது வீட்டில் ஆர்சிசிபி விழுவதும் அநேகமாக இதனால்தான்.

சோதிக்க: மெயினை அணைத்து, எலிமெண்ட் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 2 கிலோவாட் எலிமெண்ட், 230 வோல்ட் என்றால் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தாலும் கசிவு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். மல்டிமீட்டரின் சிறிய வோல்டேஜில் அது தெரியாது. எலக்ட்ரீஷியனை 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) கொண்டு டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் எலிமெண்ட்டைத் தூக்கிப் போடுங்கள். ஆர்சிசிபியை ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக்கவே கூடாது, குளிப்பவர் உயிர் போகும்.

மாற்றும்போதே மெக்னீசியம் ஆனோடு ராடையும் பாருங்கள். டாங்குக்குப் பதில் அரிக்கப்படுவதுதான் அதன் வேலை. பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ புதிது போடுங்கள். அது தீர்ந்த பிறகு டாங்க் ஓட்டையானால் ஒட்டிச் சரிசெய்ய வழியே இல்லை. முதல் முறை 6 மாதத்தில் திறந்து பாருங்கள். ராடு எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அதுவே அடுத்த கெடுவைச் சொல்லும்.

எலிமெண்ட் நல்ல நிலையில் இருந்தால் உளி வைத்துத் தட்டாதீர்கள். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான நீரில், டெர்மினல் நனையாமல் ஓரிரு மணி நேரம் ஊறட்டும். கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம். டாங்கின் அடியில் தேங்கிய சகதியைக் கையாலேயே அள்ளலாம். ஒவ்வொரு தடவையும் புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச். காலி டாங்கில் போட்டால் புது எலிமெண்ட் அப்போதே கருகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தெர்மோஸ்டாட்டை 45இல் வைத்தால் உப்பு படிவது குறையும்தானே?

பதில் 2:
குறையும், ஆனால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர்வது அந்தச் சூட்டில்தான். 60 வையுங்கள், அதற்கு மேல் போனால் படிவு வேகமாக ஏறும். குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் குழாயில் கலந்து விடும் மிக்ஸர் போடுங்கள்.

பதில் 3:
குடியிருப்பவரிடம் இரண்டே வேலை விடுங்கள்: மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துவது, சொட்டல், சத்தம், துருநிறத் தண்ணீர் கண்டால் உடனே சொல்வது. சூடு மீறினால் கீசரை நிறுத்தும் கட்-அவுட்டின் ரீசெட் பட்டனை அவர்களே திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. அது விழுந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால் மின்சாரத்தை அணைத்து டாங்கை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவருக்கு வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.