பிஇஆரில் வரும் சிடிஆரை எக்ஸ்எம்எல் ஆக்க எக்ஸ்எஸ்டியைக் கையால் எழுதத்தான் வேண்டுமா?

பதிவுக்குருவி:

வணக்கம். ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். ஸ்விட்சிலிருந்து வரும் அழைப்புப் பதிவுகள் (சிடிஆர்) 3ஜிபிபி (மொபைல் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) 32.298 படி ஏஎஸ்என்.1 என்ற தரவு வரையறை மொழியில் வரையறுத்தவை, பிஇஆர் என்ற பைனரி வடிவத்தில் வருகின்றன. வாங்கிக்கொள்ளும் கூட்டாளி நிறுவனமோ எக்ஸ்எம்எல்தான் வேண்டும், பைனரியைத் தொடவே மாட்டோம் என்கிறது. மூன்று வாரமாக ஏஎஸ்என்.1 கோப்பை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு புலத்துக்கும் எக்ஸ்எஸ்டியில் (எக்ஸ்எம்எல் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் கோப்பு) எலிமென்ட் எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஸ்விட்ச் மென்பொருளைப் புதுப்பித்ததில் நான்கு புலங்கள் கூடிவிட்டன. மறுபடி உட்கார்ந்து எழுத மனசே வரவில்லை. வேறு வழி உண்டா?

பழையமோடம்:

கையால் எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். ஏஎஸ்என்.1 என்றாலே பைனரி என்று நினைப்பதால் வரும் வேலை இது. என்னென்ன புலம், எந்த வகை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, பைட்டாக எப்படி எழுதுவது என்பது தனி விதி. 1984-ல் எக்ஸ்.409 என்ற தரநிலையாக வந்தபோது இரண்டும் ஒரே ஆவணத்தில் இருந்தன, 1988-ல் எக்ஸ்.208, எக்ஸ்.209 என்று பிரித்தார்கள். அப்படிப் பிரித்து வைத்ததால்தான் 2001-ல் எக்ஸ்.693 வந்து, அதே வரையறையை எக்ஸ்எம்எல்லாகவும் எழுதலாம் என்று எக்ஸ்இஆர் விதியைச் சேர்க்க முடிந்தது. 5 என்ற முழு எண் பிஇஆரில் 02 01 05, வகை, நீளம், மதிப்பு என மூன்றே பைட். எக்ஸ்இஆரில் புலத்தின் பெயரே டேக் ஆகி நடுவில் 5 என்று நிற்கும். வரையறை ஒன்றுதான்.

ஏஎஸ்என்1சி என்ற திறமூலக் கம்பைலரிடம் உங்கள் கோப்பைக் கொடுங்கள். பிஇஆரை வாங்கி எக்ஸ்இஆரைத் துப்பும் நிரலை அதுவே உருவாக்கித் தரும். புதுப் புலம் வந்தால் புதிய ஏஎஸ்என்.1 கோப்பை வைத்து மறுபடி கம்பைல் செய்தால் போதும்.

நிபிள்:

மோடம் அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் கூட்டாளிக்குத் தப்பான தொலைபேசி எண் போய்ச் சேரும். நான் இதில் அடிபட்டவன். சிடிஆரில் எண்களை ஆக்டெட் ஸ்ட்ரிங்காக (வெறும் பைட் வரிசையாக) அடைத்திருப்பார்கள், எக்ஸ்இஆருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது, ஹெக்ஸாக அப்படியே கொட்டிவிடும். அந்த எண்கள் டிபிசிடி முறையில் (ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம்) ஜோடி ஜோடியாகத் திருப்பி வைத்தவை. 919840 என்று தொடங்கும் எண் 19 89 04 என்று வரும். அதற்கும் முன்னால் 91 என்று ஒரு பைட் இருக்கும், அதைப் பார்த்து இந்தியாவின் நாட்டுக் குறியீடு என்று நம்பி நான் இரண்டு நாள் தொலைத்தேன். அது 'சர்வதேச எண், இ.164 திட்டம் (உலகத் தொலைபேசி எண் முறை)' என்பதற்கான அடையாள பைட். இலங்கை எண்ணுக்கும் முன்னால் அதே 91தான் வரும்.

இன்னொன்று, நம் எண் நாட்டுக் குறியீட்டோடு 12 இலக்கம், ஜோடி சரியாக அமைந்துவிடும். இலங்கை எண் 11 இலக்கம், கடைசி ஜோடியில் ஒரு எஃப் நிரப்பியிருக்கும். இந்திய எண்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

நேரப் புலத்தில் இதையே செய்துவிடாதீர்கள்! அது 9 பைட், ஆண்டு மாதம் நாள் மணி நிமிடம் நொடி எல்லாம் திருப்பாமல் நேராகவே இருக்கும், அப்புறம் கூட்டல் அல்லது கழித்தல் குறியின் ஆஸ்கி பைட், கடைசியில் 05 30.

பதிவுக்குருவி:

இருவருக்கும் நன்றி. கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் கோப்பைக் கொடுத்தால் முதல் பைட்டிலேயே டிகோட் பிழை வருகிறது. அப்புறம் கூட்டாளியின் எக்ஸ்எஸ்டி பூலியனுக்கு வெறும் உரையாக 'ட்ரூ' எதிர்பார்க்கிறது, எக்ஸ்இஆரோ அதைக் காலி டேக்காகத் தருகிறது.

பழையமோடம்:

முதல் பிரச்சினைக்குக் காரணம் 3ஜிபிபி 32.297, சிடிஆர் கோப்பின் வடிவத்தைச் சொல்லும் தரநிலை. கோப்புக்கு ஒரு ஹெட்டர், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் நீளம் சொல்லும் சின்ன ஹெட்டர், இவை ஏஎஸ்என்.1 அல்ல. உரித்துவிட்டுக் கொடுங்கள்.

பூலியன் அடிப்படை எக்ஸ்இஆரில் அப்படித்தான். நீட்டித்த எக்ஸ்இஆரில் உரையாகவே எழுதச் சொல்லலாம், டேக் பெயரையும் மாற்றலாம், ஆனால் ஏஎஸ்என்1சி அந்த வகையைச் செய்யாது. எக்ஸ்எஸ்எல்டியில் (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி) ஒரு சின்ன விதி போதும், நிபிள் சொன்ன எண் திருப்பலையும் அதே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மூல பிஇஆர் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒரே மதிப்பைப் பிஇஆரில் பல விதமாக எழுதலாம், எக்ஸ்எம்எல்லிலிருந்து திரும்பப் போனால் அதே பைட்டுகள் கிடைக்கும் என்று உறுதி கிடையாது, டிஇஆராக (ஒரு மதிப்பை ஒரே விதமாக மட்டும் எழுதும் பிஇஆர் வகை) இருந்தால் வேறு கதை. பில்லில் தகராறு வந்தால் ஸ்விட்ச் தந்த பைட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

பதிவுக்குருவி:

ஹெட்டரை உரித்ததும் ஓடிவிட்டது. சோதனைக் கோப்பில் தேடிப் பிடித்து ஒரு கொழும்பு எண்ணையும் சேர்த்தேன், கடைசியில் எஃப் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. அதை வெட்ட ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.