மார்ட்டின் பெக்கை நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள்?

கோவை வாசகர்

சுவீடனைச் சேர்ந்த மாய் ஷோவால், பேர் வாலோ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய, ஸ்டாக்ஹோம் போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக் வரும் பத்து துப்பறியும் நாவல்களைப் பற்றி அவ்வப்போது யாராவது ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது போதாது. இந்த நாவல்கள் உங்கள் கைக்கு எப்படி வந்தன, எந்த இடத்தில் பிடித்துக்கொண்டன, எந்த இடத்தில் அலுத்துப்போயின என்று விரிவாக எழுதுங்கள். கொலையாளி யார் என்பதை மட்டும் யாரும் போட்டு உடைத்துவிட வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். முதல் நாவலான 'ரோஸன்னா'வின் ஆங்கிலப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. மோட்டாலா நகருக்குப் பக்கத்தில், யோட்டா கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் மேலே வருகிறது. மர்மக் கதை படித்துப் பழகியவனுக்கு அடுத்த அத்தியாயத்திலேயே ஒரு துப்பு வேண்டும். இதில் வரவில்லை. இறந்தவள் பெயர்கூடத் தெரியவில்லை. காணாமல்போனவர்கள் பட்டியலில் அவள் இல்லை. மார்ட்டின் பெக் ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறார், உள்ளூர் அதிகாரி ஆல்பெர்க்கிடம் பேசுகிறார், வெறுங்கையோடு திரும்புகிறார். கோடை முடிந்துவிடுகிறது. பிறகுதான் அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து தகவல் வருகிறது: அவள் லிங்கன் நகரத்து நூலகர், ரோஸன்னா மெக்ரா.

அந்தப் பெயர் கிடைத்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஒரு பெயருக்காக அவ்வளவு காத்திருக்க வைத்த எழுத்தாளர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதன் பிறகும் அவசரம் கிடையாது. அவள் பயணம் செய்த 'டயானா' கப்பலின் பயணிகள் பல நாடுகளுக்குக் கலைந்து போய்விட்டார்கள். அவர்கள் எடுத்த சுற்றுலாப் படங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, அவற்றில் அவள் முகத்தைத் தேடுகிறார்கள். ஒரு பயணி எடுத்த சினிமாச் சுருளில் அவள் உயிரோடு நடமாடுவதைப் பெக் பார்க்கும் இடம் எனக்கு அந்த நாவலின் உச்சம். பிடிவாதம், தர்க்கம், நிதானம் ஆகிய மூன்றும்தான் அவருடைய மூலதனம். மேதைமை என்று எதுவும் இல்லை. அந்த மெதுவான நடையே இந்தத் தொடரின் பெருமை என்பது என் உறுதியான எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

திருச்சி, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

நான் காவல் துறையில் அமைச்சுப் பணியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். துப்பறியும் நாவல் என்றாலே எனக்கு ஒரு ஒவ்வாமை உண்டு. கதையில் வரும் அதிகாரிக்குத் தபாலும் வராது, நினைவூட்டுக் கடிதமும் போகாது, பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மகள் வற்புறுத்தியதால் நான்காவதான 'சிரிக்கும் போலீஸ்காரர்' நாவலைப் படித்தேன். நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அறை அந்த நாவலில் இருந்தது.

1967 நவம்பர், மழை இரவு. வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்கத் தூதரகத்தின் முன் கூட்டம் திரண்டிருக்கிறது. காவலர்கள் பெரும்பாலும் அங்கே. நகரின் இன்னொரு பக்கத்தில் ஒரு மாடி பஸ்ஸுக்குள் ஒன்பது பேர் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெக்கின் பிரிவைச் சேர்ந்த இளம் அதிகாரி ஸ்டென்ஸ்ட்ரோம். முதலில் வந்து சேரும் ரோந்துக் காவலர்கள் கிறிஸ்டியான்சன், குவாண்ட் இருவரும் பஸ்ஸுக்குள் நடந்து தடயங்களை மிதித்துக் கெடுத்துவிடுகிறார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பவ இடம் எப்படிக் கெடும் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதிய பக்கங்கள் அவை.

அதற்குப் பிறகு, இறந்த ஒன்பது பேரையும் ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொண்டு வாழ்க்கை வரலாறு எழுதுவதுபோல் விசாரிக்கிறார்கள். அந்த பஸ்ஸில் ஸ்டென்ஸ்ட்ரோம் ஏன் இருந்தார்? யாருக்கும் தெரியாது. பதில் முடிவு காணாத ஒரு பழைய வழக்குக் கட்டுக்குள் இருக்கிறது. பழைய கட்டுகளை யாராவது ஒருவராவது மறக்காமல் இருந்தால்தான் துறை நடக்கும். நாவலில் அது மெலாண்டர். படித்த அறிக்கை எதையும் மறக்காதவர், அலுவலகத்தில் தேடினால் எப்போதும் கழிவறையில் இருப்பவர். எங்கள் பிரிவிலும் ஒரு பெரியவர் இருந்தார். ஆண்டைச் சொன்னால் பதிவேட்டு எண்ணைச் சொல்வார், பதவி உயர்வில் மட்டும் அவர் பெயர் எப்போதும் தள்ளிப்போகும். மெலாண்டரைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய முகம்தான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவீடனில் அதுவரை உள்ளாட்சிகளின் கீழ் இருந்த காவல் துறையை 1965 தொடக்கத்தில் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. அந்த மாற்றம் பத்து நாவல்களிலும் முனகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே உத்தரவு போடுகிறவருக்குத் தெருவே தெரியாது என்ற அந்தப் புகாரை எந்த நாட்டு அலுவலகத்திலும் கேட்கலாம்.

மதுரை வாசகர்

நான் மறுக்கிறேன். முதல் நான்கு நாவல்களுக்குத் தலை வணங்குகிறேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான் இவர்களிடம் அமெரிக்க எழுத்தாளர் எட் மெக்பெயின் வழியாக வந்தவன். 1956-இல் அவர் தொடங்கிய 87ஆவது காவல் சரகத்துக் கதைகளில் சிலவற்றை இந்த இணையரே சுவீடிய மொழியில் பெயர்த்திருக்கிறார்கள் என்று அறிந்துதான் தேடிப் பிடித்தேன். தனி ஒரு துப்பறிவாளரை விட்டுவிட்டு ஒரு குழுவையே நாயகனாக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் மெக்பெயின் தன் கருத்தைப் பாத்திரங்களின் வாயில் திணிப்பதில்லை.

ஆறாவதான 'ஸவோயில் கொலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். மால்மோ நகர ஹோட்டலில் விருந்து நடக்கிறது. ஒரு தொழிலதிபர் எழுந்து பேசுகிறார், ஒருவன் உள்ளே வந்து அவர் தலையில் சுட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறுகிறான். அபாரமான தொடக்கம். அதன் பிறகு அந்தத் தொழிலதிபர் எவ்வளவு கெட்டவர் என்று எழுத்தாளர்கள் நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். செத்தவனுக்காக ஒரு துளி வருத்தம் இல்லை. ரோஸன்னாவுக்காக அத்தனை மாதம் தூக்கம் கெட்ட அதே பெக்தானா இவர்? எழுத்தாளர்கள் இருவரும் மார்க்சியர்கள், பத்து நாவல்களையும் 'ஒரு குற்றத்தின் கதை' என்ற ஒரே துணைத்தலைப்பில் திட்டமிட்டவர்கள், குற்றவாளி சமுதாயமே என்று காட்ட விரும்பியவர்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். திட்டம் தெரிந்துவிட்டால் கதை நாடகமாகிவிடுகிறது. ஆறாவதோடு நிறுத்திக்கொண்டேன்.

சென்னை வாசகி

மதுரை அண்ணன் ஆறாவதில் நிறுத்தியதால் ரெபெக்கா லிண்டைச் சந்திக்காமல் போய்விட்டார். கடைசி நாவலான 'பயங்கரவாதிக'ளில் வருகிறாள். கைக்குழந்தையோடு இருக்கும் சிறு பெண். வங்கி என்பது பணம் கடன் கொடுக்கும் இடம் என்று யாரோ சொல்லக் கேட்டு, நேராகப் போய்ப் பணம் கேட்கிறாள். கொள்ளையடிக்க வந்தவள் என்று பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வழக்கு விசாரணையில் பிரசங்கம் இல்லை. அவள் கேட்கும் எளிய கேள்விகளுக்கு அங்கிருக்கும் படித்தவர்கள் யாரிடமும் பதில் இல்லை, அவ்வளவுதான். நான் அதைப் படித்துவிட்டு அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கோபம் இப்படிக் கதையாக மாறும்போது அதை நாடகம் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு இடத்தில். எல்லோரும் கொண்டாடும் 'ரோஸன்னா'வில் கொலையாளியைப் பிடிக்க சோன்யா ஹான்சன் என்ற பெண் காவலரைத் தூண்டிலில் கோத்த புழுவாக்குகிறார்கள். காவல் இருப்பவர்கள் வந்துசேரத் தாமதமாகிறது, அவள் சாவின் விளிம்புவரை போகிறாள். வழக்கு முடிந்துவிட்டதாக ஆண்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அவளுக்கு அதன் பிறகு என்ன ஆனது என்று நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோவை நண்பர் புகழ்ந்த பொறுமை ஏன் சோன்யா ஹான்சனுக்கும் சில பக்கங்கள் கொடுக்கவில்லை? பின்னால் ஸ்டென்ஸ்ட்ரோமின் துணைவி ஓசா டொரெலும், பெக்கின் துணையாகும் ரேயா நீல்சனும் வலுவாக வருகிறார்கள். ரேயா வந்த பிறகு பெக்கின் வயிற்றுவலியே குறைந்துவிடுகிறது! ஆகவே பிற்பகுதி நாவல்கள் கெட்டுப்போயின என்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஸ்டாக்ஹோம் வாசகி

வணக்கம். என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர்கள், நான் இந்த நாவல்களைச் சுவீடிய மொழியில் படித்தேன். பெக்கை முதலில் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். 1997-இல் தொடங்கிய தொடரில் பீட்டர் ஹாபெர் நடித்தார். அந்தக் கதைகள் பெரும்பாலும் புதிதாக எழுதப்பட்டவை, நாவல்களோடு ஒப்பிட வேண்டாம்.

சென்னை அக்கா சொன்ன கடைசி நாவலில் ஒரு பிரதமர் சுட்டுக் கொல்லப்படுகிறார். புத்தகம் 1975-இல் வந்தது. 1986 பிப்ரவரி 28 இரவு சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே இங்கே ஸ்வேயாவேகன் தெருவில் மனைவியோடு நடந்து போகும்போது சுடப்பட்டார். சம்பவ இடத்தைச் சரியாக அடைக்காதது முதல் எத்தனையோ தவறுகள். 2020 ஜூனில் வழக்கை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது சந்தேகத்துக்குரியவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. திருச்சி ஐயா எழுதிய அந்த இரண்டு ரோந்துக் காவலர்களை இங்கே யாரும் வெறும் கேலிப் பாத்திரங்களாக நினைப்பதில்லை.

ஒன்றில் மட்டும் ஷோவாலோடும் வாலோவோடும் நான் சண்டை போடுவேன். 1965 முதல் 1974 வரை அரசுத் திட்டத்தின்கீழ் சுமார் பத்து லட்சம் வீடுகள் கட்டப்பட்டன. நாவல்கள் எழுதப்பட்ட அதே ஆண்டுகள். பழைய ஸ்டாக்ஹோமை இடித்ததையும் புறநகர் அடுக்குமாடிகளையும் அவர்கள் நாவலுக்கு நாவல் வெறுத்துத் தள்ளுகிறார்கள். நான் வளர்ந்தது அப்படி ஒரு அடுக்குமாடியில்தான். வெந்நீரும் வெளிச்சமும் இருந்த வீடு. கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறையில் பல நாட்டுப் பெண்கள் என் அம்மாவுக்குச் சுவீடிய மொழி கற்றுக்கொடுத்தார்கள். கான்கிரீட் என்றதும் தனிமையும் குற்றமும்தான் என்று அவர்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியாது. இடிக்கப்பட்ட பழைய வட்டாரங்களில் ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் அவர்கள் எழுதியிருக்கலாம்.

சேலம், கல்லூரி மாணவர்

இதுவரை ஒன்றும் படிக்கவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? நான்காவதுதான் சிறந்தது என்றும், அதற்கு அமெரிக்காவின் எட்கர் விருது கிடைத்தது என்றும் சொல்கிறார்கள்.

மதுரை வாசகர்

விருது 1971-இல் கிடைத்தது, தகுதியான விருது. நான்காவதிலேயே தொடங்குங்கள் தம்பி. ஸ்டாக்ஹோம் தங்கை எழுதிய சலவை அறையை அந்த இருவரும் ஒருமுறை பார்த்திருந்தால் என் புகாரில் பாதி குறைந்திருக்கும். தங்கைக்கு நன்றி. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

திருச்சி, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

தம்பி, மதுரை நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். முதலாவதிலிருந்து வரிசையாகப் படியுங்கள். காரணம் பெக் இல்லை, கோல்பெர்க். பெக்கின் நெருங்கிய நண்பர், சாப்பாட்டுப் பிரியர், வாய்த்துடுக்குக்காரர். பல ஆண்டுகளுக்கு முன் தன் கையால் தவறுதலாக ஒரு சக காவலர் இறந்ததால் துப்பாக்கி எடுத்துச் செல்ல மறுப்பவர். ஒவ்வொரு நாவலிலும் அவருக்கு வேலையின் மேல் இருந்த பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. அவசரத்தில் படித்தால் அது கண்ணில் படாது. ஒன்பதாவதான 'போலீஸ்காரரைக் கொன்றவன்' நாவலின் முடிவில் அவர் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார். எத்தனையோ விருப்ப ஓய்வு விண்ணப்பங்களை நான் கோப்பில் சேர்த்து மேலே அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்றுதான் இருக்கும். கோல்பெர்க் உண்மையான காரணத்தை எழுதுகிறார். அந்தக் கடிதத்துக்கு வந்து சேரும்போது முந்தைய எட்டு நாவல்களிலும் நீங்கள் அவரோடு வேலை பார்த்திருக்க வேண்டும்.