கனடாவில் ஒத்திவைத்த தண்டனை இருக்கும்போது மோசடி வழக்கு வந்தால்

ஊரில் (இலங்கையில்) ஒத்திவைத்த தண்டனை என்றால் இத்தனை மாதச் சிறை, இத்தனை வருடத்துக்கு ஒத்திவைப்பு என்று கணக்குச் சொல்லி விடுவார்கள். இங்கே குற்றவியல் சட்டத்தின் 731ஆம் பிரிவில் நீதிபதி மாதக் கணக்கே சொல்வதில்லை. தண்டனை விதிப்பதையே நிறுத்திவைத்து, அதிகபட்சம் 3 வருடம் புரொபேஷனில் (நிபந்தனைகளோடு வெளியே இருக்க) விடுகிறார். இதை விளங்காததால்தான் பலர் ‘வழக்கு முடிஞ்சுது’ என்று இருந்துவிடுகிறார்கள்.

புரொபேஷனில் இருக்கும்போது மோசடிக் குற்றம் தீர்ப்பானால், அதற்குரிய தண்டனை தனி (5,000 டொலருக்கு மேல் என்றால் 14 வருடம் வரை). நன்னடத்தையோடு இருப்பது எல்லாப் புரொபேஷன் கட்டளையிலும் உள்ள நிபந்தனை. ஆகவே அதை மீறியதாக இன்னொரு குற்றச்சாட்டும் வரலாம். அதற்கு 4 வருடம் வரை. அதற்கு மேல், அரச தரப்பு விண்ணப்பித்தால், 732.2(5)இன்படி பழைய நீதிமன்றம் கட்டளையை ரத்துச்செய்து அன்றைக்கு விதித்திருக்கக்கூடிய எந்தத் தண்டனையையும் இன்று விதிக்கலாம். இது தானாக நடப்பதில்லை. நிபந்தனைகளை மாற்றி, அல்லது காலத்தை ஒரு வருடம் வரை நீட்டி விடவும் இடமுண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்னரே, அந்த விண்ணப்பம் வருமா என்று சட்டத்தரணி மூலம் அரச தரப்பிடம் கேட்டு வையுங்கள்.

நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டவர்களும் (குற்றவாளி என்று கண்டும் குற்றத்தீர்ப்புப் பதியாமல் விடப்பட்டவர்கள்) கவனம். 730(4)இன்படி அந்த விடுவிப்பே ரத்தாகி, பழைய வழக்கும் குற்றத்தீர்ப்பாகலாம்.

மேலுள்ள பதிவுக்கு ஒரு பதில்: குடிவரவுப் பக்கத்தையும் சேர்க்கிறேன். நிரந்தர வதிவிடக்காரரைப் பாரதூரமான குற்றவாளியாக்கி, நாடுகடத்தலுக்கு வழிவிடுவது இரண்டு: சட்டத்தில் உச்சத் தண்டனை 10 வருடமோ கூடவோ உள்ள குற்றம், அல்லது உண்மையில் விதித்த சிறை 6 மாதத்துக்கு மேல். 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடியில் ஒரு நாள்கூடச் சிறை போகாவிட்டாலும் முதலாவது பொருந்தும். பழைய வழக்கு சாதாரணத் தாக்குதல் என்றால் உச்சம் 5 வருடம்தான், ஒத்திவைப்போடு தப்பியிருப்பீர்கள். கட்டளை ரத்தாகி 7 மாதச் சிறை வந்தால் அந்தப் பழைய வழக்கே நாடுகடத்தலுக்குக் காரணமாகும். 6 மாதமோ கூடவோ விதித்தால் குடிவரவு மேன்முறையீட்டு உரிமையும் போய்விடும். மாணவர் விசாவில் உள்ளவரை நாடுகடத்தச் சின்ன மோசடித் தீர்ப்பு ஒன்றே போதும்.

சட்டத்தரணியிடம் முதல் நாளே உங்கள் விசா நிலையைச் சொல்லுங்கள். தண்டனை தீர்மானிக்கும்போது குடிவரவு விளைவை நீதிபதி கருத்தில் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது.

இளம் பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் வங்கி அட்டையில். மோசடிக்காரர் ‘ரெண்டு நாளைக்குத் தா’ என்று அட்டையையும் பின் நம்பரையும் வாங்கி, போலிக் காசோலையை வைப்பிலிட்டு, அது திரும்பி வருவதற்குள் ஏடிஎம்மில் காசை எடுத்துவிடுவார்கள். கணக்கு உங்கள் பெயரில். சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே கேளாமல் விட்டிருந்தால், தெரியாது என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது.