பொருள்: பாசிவ் கூலிங் – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

சிவில் வாத்தியார் எழுதியது:
வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கட்டடக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும். முற்றம், தாழ்வாரம், சுண்ணாம்புத் தளம், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் எலிப்பொறிக் கட்டு (செங்கல்லை நிறுத்திவைத்து, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்புவது) எல்லாம் தடங்கலில்லாமல் வந்துவிட்டன. தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன்: ‘பாசிவ் கூலிங்’, அதாவது ஏசி இல்லாமல் கட்டட அமைப்பாலேயே வீட்டைக் குளிர்ச்சியாக வைப்பது. ‘செயலற்ற குளிரூட்டல்’ என்று எழுதி வகுப்பில் காட்டினேன். “ஏசி ரிப்பேரா சார்?” என்றான் ஒருவன்.

தஞ்சாவூரான் எழுதியது:
பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். ‘செயலற்ற’வைத் தூக்கிப் போடுங்கள். தன்வினையும் பிறவினையும் கைவசம் இருக்க, ‘பாசிவ்’வின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏன் ஓட வேண்டும்? காபி ஆறுகிறது, காபியை ஆற்றுகிறோம். வீடு தானே ஆறினால் ஆறல், இயந்திரம் வைத்து ஆற்றினால் ஆற்றல். ஒரு மெய்யெழுத்துச் செலவில் இரண்டு கலைச்சொல்.

மேஸ்திரி மகன் எழுதியது:
ஐயா, ‘எனர்ஜி’ என்றால் ஆற்றல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு வருகிறார்கள். “ஆற்றலைச் சேமிக்க ஆற்றலைத் தவிர்த்து ஆறலைப் பயன்படுத்துக” என்று எழுதினால் எவன் தேறுவான்?

நாற்சார் வீட்டுக்காரி எழுதியது:
எங்களுக்கு அந்தக் குழப்பம் வராது. இலங்கைப் பாடப்புத்தகங்களில் எனர்ஜி ‘சக்தி’தான். ஆனால் ஆறல் எனக்கும் பிடிக்கவில்லை. புண் ஆறுவதுதான் நினைவுக்கு வருகிறது. நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை யாரும் ஆறுகிற வீடு என்று சொல்லிக் கேட்டதில்லை, குளிர்மையான வீடு என்றுதான் சொல்வார்கள். ‘இயல்குளிர்ச்சி’ என்று வைத்தால் என்ன?

தஞ்சாவூரான் எழுதியது:
புண்ணும் ஆறும், சினமும் ஆறும். ஆத்திசூடி படித்த குழந்தைக்கே தெரியும் அம்மா. சூடு தணிவதுதான் எல்லாவற்றுக்கும் அடி. சக்தி வடசொல், அதைத் தனியாகப் பேசலாம்.

கையேட்டில் ‘வென்டிலேட்டர்’ வந்தால் சிலம்பின் ‘காலதர்’ போடுங்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போன்ற காலதர் என்று வடிவத்தோடு சொல்கிறார் இளங்கோ. நாம் ஜன்னல் என்று போர்த்துக்கீசியத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். நெடுநல்வாடையில் தென்றலை உள்ளே கொண்டுவரும் வேனிற்பள்ளியின் சாளரத்தை வாடைக்காலத்தில் இறுகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். பருவத்துக்கொரு பள்ளியறை! இதைவிட என்ன சான்று வேண்டும்?

மேஸ்திரி மகன் எழுதியது:
காலதர் என்று சொன்னால் எங்கப்பா கட்டில் காலைத் தேடுவார். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த வீட்டுக் கட்டட நெறிமுறைக்கு ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று பெயர். ஈகோ எந்த மொழி, நிவாஸ் எந்த மொழி? சுவர் அதனால் ஒன்றும் விழுந்துவிடவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். இது ஒரே வித்தை இல்லை. தர்மபுரி பக்கம் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் சூட்டில் நல்ல வித்தியாசம் உண்டு. கனத்த சுவர் பகல் வெக்கையை வாங்கி வைத்துக்கொள்ளும், ராத்திரிக் காற்று அதைக் கொண்டுபோய்விடும். சென்னைக் கடற்கரையில் ராத்திரியும் புழுங்கும். அங்கே கனத்த சுவரை எழுப்பிக் காற்றோட்டத்தை மறந்தால், பத்து மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், இறக்கிவைத்த தோசைக்கல். ஈரக்காற்றில் தண்ணீர் தெளிப்பதும் அவ்வளவாக எடுபடாது.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பு, 1930களில் தொடங்கியது. வெளிப்பக்கம் கண்ணாடி ஜன்னலே கிடையாது. வரிசை வரிசையாகக் கிடைப்பலகைகள். வெயிலுக்கும் காற்றுக்கும் தக்கபடி கையால் திருப்பிக்கொள்ளலாம். அறைக்கதவு தேக்கில், மூடினாலும் காற்றுப் போக இடம் விட்டது. கூரைக்கு மேல் இன்னொரு வளைந்த கான்கிரீட் ஓடு, நடுவில் இடைவெளி. நிழல், காற்று, இரட்டைக்கூரை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் இந்த இழுபறி.

ஆச்சி பேத்தி எழுதியது:
பலகையைத் திருப்புவது யார்?

காரைக்குடியில் எங்கள் ஆச்சி வெயில் ஏறுமுன் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருவார். கொண்டி விழும் சத்தத்தை வைத்தே வீட்டின் எந்தக் கட்டுக்குள் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். மூன்று மணிக்கு வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர். பொழுது சாய்ந்ததும் முற்றத்துக் கல்லில் இரண்டு குடம். அப்புறம் சாத்திய சன்னல் அத்தனையையும் மறுபடி திறக்க வேண்டும். படுக்கும்போது முழங்காலுக்கு எண்ணெய். இதற்குப் பெயர் ‘செயலற்ற’தா? கரண்டுதான் இல்லை, ஆள் இருந்தது. ‘மின்னில்லாக் குளிர்ச்சி’ என்றாவது உண்மையைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரான் எழுதியது:
தொல்காப்பியர் இதற்கும் வழி விட்டிருக்கிறார். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வது வழக்குத்தான் என்று வினையியலில் ஒரு நூற்பா. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது. ஆனாலும் மொழி அப்படிச் சொல்ல விடுகிறது. ஆகவே ‘வீடு ஆறிற்று’ இலக்கணப்படி சரி. ஆறல் குழப்பமென்றால் ‘தன்னாறல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி பேத்தி எழுதியது:
இலக்கணப்படி சரி ஐயா. மெழுகியவளைத்தான் காணோம்.

மேஸ்திரி மகன் எழுதியது:
மின்னில்லா என்றால் சீலிங் ஃபேனை எங்கே வைப்பது? வாத்தியாரின் கையேடே ஃபேனையும் சேர்த்துத்தானே பேசுகிறது?
எங்கப்பாவிடமே கேட்டுவிட்டேன். 40 வருஷம் கரண்டி பிடித்தவர். கொஞ்ச நேரம் யோசித்து, “வெக்கை தங்காத வீடு” என்றார்.

சிவில் வாத்தியார் எழுதியது:
வியாழன் இரவு பதினொன்றரை. இயல்குளிர்ச்சிக்கு ஆறு பேர், மின்னில்லாக் குளிர்ச்சிக்கு மூன்று பேர், தன்னாறலுக்கு ஒருவர் (முன்மொழிந்தவரே). தலைப்பில் இயல்குளிர்ச்சி போட்டுவிட்டேன். முதல் அத்தியாயத்துக்கு ‘வெக்கை தங்காத வீடு’ என்று பெயர். சன்னலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்று ஒரு பக்கம் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ‘தெர்மல் மாஸ்’ (கனத்த சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது) தமிழில் என்ன என்பது அடுத்த வாரம், இப்போதே ஆரம்பிக்காதீர்கள்.

தஞ்சாவூரான் எழுதியது:
இயல்குளிர்ச்சி ஊட்டியில் இருக்கிறது. வீட்டில் இருப்பது வேறு. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.